சுல்ஃபத் கேட்ட கேமரா

மட்டாஞ்சேரி
14 ஜனவரி 1979

அன்புள்ள கமாலுதீன் மச்சானுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். சுல்ஃபத் எழுதுகிறேன். ஊருக்கு வரும்போது யாருக்கு என்ன வேண்டும் என்று கேட்டு நீங்கள் அத்தாவுக்கு எழுதிய கடிதம் வெள்ளிக்கிழமை வந்தது. அத்தா அதை உரக்கப் படித்து முடிப்பதற்குள் வீடு சந்தையாகிவிட்டது. தங்கச்சி ரம்லத் திருப்பூணித்துறையிலிருந்து பிள்ளைகளோடு வந்திருந்தாள். அவளுக்கு ஜப்பான் சேலை, அதுவும் மயில்கழுத்து நிறத்தில். அத்தாவுக்கு டேப் ரிக்கார்டர். உங்கள் அம்மாவுக்கு, அதுதான் எங்கள் மாமிக்கு, கோடாலித் தைலம். என்னைக் கேட்டபோது ஒன்றும் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். எல்லார் முன்னாலும் சொல்ல முடியவில்லை, அதனால் தனியாக எழுதுகிறேன்.

எனக்கு ஒரு கேமரா வேண்டும். ஆட்களைப் படம் எடுப்பதற்கு அல்ல, இடங்களைப் படம் எடுப்பதற்கு.

நான் எட்டாம் வகுப்புப் பெண்களுக்குப் பூகோளம் எடுக்கிறேன் அல்லவா? மலையை வரையச் சொன்னால் முக்கோணம் வரைகிறார்கள். அதன் உச்சியிலிருந்து ஆறு குழாய்த் தண்ணீர் போல நேராக இறங்குகிறது. அவர்கள் மேல் தப்பில்லை. மட்டாஞ்சேரியில் அவர்கள் பார்த்த உயரமான இடம் அரிசிக் கிடங்கின் கூரைதான்.

போன வருஷம் பள்ளிக்கூடத்து டீச்சர்களோடு மூணார் போனபோது ரம்லத் வீட்டுக்காரரின் பழைய பெட்டிக் கேமராவை இரவல் வாங்கிப் போனேன். திரும்பி வந்து அரண்மனை ரோட்டில் ஸ்டுடியோ வைத்திருக்கும் நாணு சேட்டனிடம் ஃபிலிமைக் கொடுத்தேன். கழுவி எடுத்துப் பார்த்துவிட்டு அவர் கேட்டார்: "டீச்சரே, இது ஏது சுவரு?" மலையும் வானமும் ஒரே வெள்ளையாக இருந்தன.

பாலக்காட்டுக் கல்யாணம் முறிந்து நான் இங்கே திரும்பி வந்து மூன்று வருஷம் ஆகப்போகிறது. இதுவரை யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. விலையை என் சம்பளத்திலிருந்து தருவேன், அதில் மறுபேச்சு கூடாது. நீங்கள் சிரிக்கமாட்டீர்கள் என்று நினைத்து எழுதுகிறேன். சிரித்தால் எனக்குத் தெரியாமல் சிரித்துக்கொள்ளுங்கள்.

சுல்ஃபத்

*

மஸ்கத்
2 பிப்ரவரி 1979

அன்பான சுல்ஃபத்துக்கு,

வஅலைக்கும் ஸலாம். சிரிக்கவில்லை. தமிழில் எழுதி நாளாகிவிட்டது, எழுத்து பிசகியிருந்தால் டீச்சர் சிவப்பு மையால் திருத்திக்கொள்ளவும்.

உன் கடிதத்தைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு இங்கே மத்ரா சந்தையில் ஒரு கேமராக் கடைக்குப் போனேன். கடைக்காரர் குஜராத்தி, பொறுமைசாலி. "இடங்களைப் படம் எடுக்க ஒரு கேமரா" என்றேன். எந்த லென்ஸ் என்று கேட்டார். முழித்தேன். நான் வேலை பார்க்கிற கம்பெனி ஸ்டோரில் பம்ப், வால்வு, குழாய் எது வேண்டுமென்றாலும் கண்ணை மூடிக்கொண்டு எடுத்துத் தருவேன். இங்கே வரிசையாகக் கறுப்புக் கண்கள் என்னைப் பார்த்தன, ஒன்றின் பெயரும் எனக்குத் தெரியவில்லை.

அதனால் உன்னிடம் கேட்கிறேன். எடுக்கப்போகும் இடம் கிட்டத்திலா தூரத்திலா? யார் சுமப்பது? எவ்வளவு கனம் தாங்குவாய்? மழையில் எடுப்பாயா? கறுப்பு வெள்ளையா கலரா? எல்லாவற்றுக்கும் விவரமாகப் பதில் எழுது. அவசரமில்லை, யோசித்து எழுது.

இதை எழுதி மடிக்கும்போது ஒரு சேதி வந்தது. என் அறையில் இருக்கிற போர்ட் கொச்சி ஷௌகத் அலிக்கு ஆண் குழந்தை பிறந்திருக்கிறது, நாளைக்கே ஊருக்குக் கிளம்புகிறான். இந்தச் சந்தர்ப்பத்தை விட மனம் வரவில்லை. ஓடிப்போய், எல்லாரும் வாங்குவது இதுதான் என்று கடைக்காரர் காட்டியதை வாங்கிக் கொடுத்தனுப்புகிறேன். ஃபிளாஷ் அதிலேயே இருக்கிறது. பொத்தானை அமுக்கினால் போதும், மிச்சத்தை அதுவே பார்த்துக்கொள்ளுமாம்.

கமால்

*

மட்டாஞ்சேரி
25 பிப்ரவரி 1979

அன்புள்ள மச்சானுக்கு,

ஷௌகத் அலி நேரில் வந்து கேமராவைக் கொடுத்தார். நன்றி. இதை முதலில் எழுதிவிடுகிறேன், ஏனென்றால் மேற்கொண்டு எழுதப்போவது நன்றியில் சேராது.

இத்தனை கேள்வி கேட்டீர்கள். பதில் வருவதற்குள் கேமரா வந்துவிட்டது. யோசித்து எழுது என்று சொன்னவர் என் யோசனைக்குக் காத்திருக்கவில்லை. இது சின்ன விஷயம்தான். ஆனால் என் விஷயத்தில் எல்லாரும் எப்போதும் இப்படித்தான் செய்திருக்கிறார்கள், அதனால் எனக்குச் சின்னதாகத் தெரியவில்லை.

கேமரா நல்ல கேமரா. அது எனக்கு ஆகாது, அவ்வளவுதான். வானத்தில் வெளிச்சம் அதிகமென்றால் கீழே இருப்பதையெல்லாம் கறுப்பாக்கிவிடுகிறது. இவ்வளவு வெளிச்சம் போதும், இன்னும் கொஞ்சம் விடு என்று நான் சொல்ல அதில் வழியில்லை. கடற்கரைக்குப் போய்ச் சூரியன் இறங்கிய பிறகு எடுத்தேன். அது தானாக ஃபிளாஷ் போட்டு, எதிரே நின்ற ஒரு நாயை மட்டும் அழகாக எடுத்துக் கொடுத்தது. இப்போது அது ரம்லத் கையில் இருக்கிறது. பிள்ளைகளைத் தினமும் குளிப்பாட்டி, பவுடர் போட்டுப் படம் எடுக்கிறாள். வீட்டில் எல்லாருக்கும் உங்கள்மேல் பிரியம் கூடியிருக்கிறது.

எர்ணாகுளம் நூலகத்தில் ஒரு புத்தகம் எடுத்துப் படித்து, இப்போது உங்கள் கேள்விகளுக்குப் பதில் எழுதுகிறேன். எடுக்கப்போவது தூரம். வெளிச்சத்தையும் வேகத்தையும் நானே வைக்கிற மாதிரி, லென்ஸைக் கழற்றி மாட்டுகிற கேமரா. எல்லாம் படத்தில் அடங்க வேண்டும், அதனால் அகலமான லென்ஸ், இருபத்தெட்டு மில்லிமீட்டர். வானம் வெளுக்காமல் இருக்க லென்ஸ்மேல் மாட்டும் ஒரு சிவப்புக் கண்ணாடி. மங்கிய வெளிச்சத்தில் கை ஆடாமல் எடுக்க மூன்று கால் ஸ்டாண்டு. சுமப்பவள் நான். பஸ்ஸில் ஏற வேண்டும், மலை ஏற வேண்டும், அதனால் ஸ்டாண்டு மெலிதாக இருக்கட்டும். கறுப்பு வெள்ளைதான். இங்கே கலரை யாரும் கழுவுவதில்லை.

இவ்வளவும் அதிகம் என்று பட்டால் விட்டுவிடுங்கள், வருத்தப்படமாட்டேன். வருத்தப்பட்டாலும் வெளியே காட்டமாட்டேன்.

சுல்ஃபத்

*

மஸ்கத்
20 மார்ச் 1979

சுல்ஃபத்துக்கு,

உன் கடிதம் வந்த நாள் எனக்குக் கோபம் வந்தது. ஊருக்குப் போகிறவன் பெட்டியில் இடம் பிடித்து ஒரு சாமானை அனுப்புவது என்ன பாடு என்று இவளுக்குத் தெரியுமா என்று ஷௌகத் அலியின் காலிக் கட்டிலைப் பார்த்துப் பேசிக்கொண்டிருந்தேன். மறுநாள் திரும்பப் படித்தேன். நீ எழுதியதுதான் நியாயம். நான் காத்திருந்திருக்க வேண்டும். அந்த நாயின் படத்தை அனுப்பு.

இந்தத் தடவை கடைக்காரரிடம் இரண்டு ஸ்டாண்டை ஒரு நாள் இரவல் கேட்டேன். பழகிவிட்டதால் கொடுத்தார். இரண்டையும் எங்கள் ஸ்டோருக்குக் கொண்டுபோய் வைத்து, ஒவ்வொன்றின் தலையிலும் ஒரு கிளாஸ் தண்ணீரை வைத்தேன். எதிரே பெரிய மின்விசிறியைப் போட்டேன். மெலிதான ஸ்டாண்டில் தண்ணீர் நடுங்கிக்கொண்டே இருந்தது. கனமானதில் கொஞ்சம்கூட அசையவில்லை. என்ஜினீயர் வந்து பார்த்துவிட்டு, மின்விசிறிக்குக் குறுக்கே நடக்காமல் சுற்றிக்கொண்டு போய்விட்டார். மூணாரில் காற்று அடிக்காமல் இருக்குமா? மெலிதானதை வாங்கினால் அது ஸ்டாண்டு அல்ல, நடுங்குகிற இன்னொரு கைதான்.

லென்ஸ் விஷயத்திலும் ஒரு சந்தேகம். போன வெள்ளிக்கிழமை எங்கள் லாரி நிஸ்வா பக்கம் போனது. கடைக்காரரின் கேமராவையும் இரண்டு லென்ஸையும் எடுத்துக்கொண்டு நானும் ஏறிக்கொண்டேன். அங்கே மலைகள் புல் இல்லாமல், மரம் இல்லாமல், வெறும் எலும்பாக நிற்கின்றன. நீ பார்த்தால் அங்கேயே பாடம் நடத்த ஆரம்பித்துவிடுவாய். நீ சொன்ன இருபத்தெட்டை மாட்டிப் பார்த்தேன். மலை பின்னால் ஓடிவிட்டது, முன்னால் இருந்த ரோடுதான் படம் முழுக்க. நூற்று முப்பத்தைந்தை மாட்டினேன், மலை வந்து முகத்துக்கு நேரே நின்றது. எனக்கு ஒன்றும் தெரியாது. பார்த்ததைச் சொல்கிறேன்.

எதுவும் வாங்கவில்லை. காத்திருக்கிறேன்.

கமால்

*

மட்டாஞ்சேரி
9 ஏப்ரல் 1979

அன்புள்ள மச்சானுக்கு,

நாயின் படம் இத்துடன்.

தண்ணீர்க் கிளாஸ் சோதனையை அம்மாவிடம் சொன்னேன். சிரித்துவிட்டு, கமாலுக்கு அங்கே வேலை ஒன்றும் இல்லையா என்று கேட்டார். கனமான ஸ்டாண்டு நல்லது என்பது எனக்கும் புரிகிறது. ஆனால் நடுங்குகிறதோ இல்லையோ, நான் தூக்க முடிகிற ஸ்டாண்டோடுதான் நான் மலைக்குப் போக முடியும். லென்ஸ் இருபத்தெட்டுதான். ஒரு சிகரம் மட்டும் பெரிதாகத் தெரிந்து என்ன பயன்? சரிவு எங்கே முடிகிறது, தேயிலை எங்கே தொடங்குகிறது, தண்ணீர் எந்தப் பக்கம் போகிறது என்பது ஒரே படத்தில் தெரிந்தால்தான் பிள்ளைகளுக்குப் பாடம்.

இவ்வளவு எழுதிய பிறகு இதையும் எழுத வேண்டியிருக்கிறது. எதுவும் வாங்க வேண்டாம்.

ஆலுவாவிலிருந்து ஒரு சம்பந்தம் வந்திருக்கிறது. மரக்கடை வைத்திருப்பவர், மனைவி இறந்துவிட்டார், இரண்டு பிள்ளைகள். நல்ல மனிதர் என்று சொல்கிறார்கள், அப்படியே இருக்கலாம். கல்யாணத்துக்குப் பிறகு நான் வேலைக்குப் போக வேண்டியதில்லை என்று சொல்லியனுப்பியிருக்கிறார்கள். அதை ஒரு சலுகை மாதிரி சொன்னார்கள். அத்தா என் முகத்தைப் பார்க்காமல் பேசுகிறார். அவர் முடிவு செய்துவிட்டார் என்றுதான் நினைக்கிறேன். அங்கே போனபிறகு கேமராவை வைத்து எதைப் படம் எடுப்பேன்? மரக்கட்டைகளையா?

இந்த மூன்று மாதமும் உங்களோடு லென்ஸைப் பற்றிச் சண்டை போட்டது சந்தோஷமாக இருந்தது. தபால்காரர் வருகிற நேரத்துக்கு வாசல் பக்கம் ஏதாவது வேலை வைத்துக்கொண்டேன். கடைக்காரருக்கு என் சலாம் சொல்லுங்கள்.

சுல்ஃபத்

*

மஸ்கத்
25 ஏப்ரல் 1979

சுல்ஃபத்துக்கு,

உன் கடிதம் நேற்று வந்தது. ஆனால் நான் போன வாரமே வாங்கிவிட்டேன். காத்திருக்கிறேன் என்று எழுதிவிட்டு இந்தத் தடவையும் காத்திருக்கவில்லை. ஒரே வித்தியாசம், இந்தத் தடவை நீ கேட்டதையே வாங்கினேன். பென்டாக்ஸ், எல்லாம் கையால் வைப்பது. லென்ஸ் இருபத்தெட்டு. மனசில்லாமல்தான் வாங்கினேன், ஆனால் உன் படம், உன் கண். சிவப்புக் கண்ணாடி ஒன்று.

ஸ்டாண்டு மட்டும் நீ சொன்னது இல்லை. கனமானதை வாங்கினேன். உன்னால் அதைத் தூக்கிக்கொண்டு மலை ஏற முடியாது என்று தெரியும். நான் தூக்கிக்கொண்டு வருகிறேன்.

இந்த வரியை எழுதிவிட்டு எழுந்துபோய் சாயா போட்டுக் குடித்துவிட்டு வந்தேன். நேராகவே எழுதுகிறேன். உன்னை நிக்காஹ் செய்துகொள்ள எனக்கு விருப்பம். தங்கைகள் கல்யாணம் முடியட்டும் என்று இருந்தேன். அது முடிந்தபோது நீ பாலக்காட்டில் இருந்தாய். நீ திரும்பி வந்த பிறகு, அந்த நேரத்தில் கேட்டால் பரிதாபத்தில் கேட்கிறேன் என்று நினைப்பாயோ என்று கேட்கவில்லை. பரிதாபமாக இருந்தால் இப்படி ஸ்டாண்டுக்காக உன்னோடு மல்லுக்கட்டுவேனா?

மாமாவுக்கு நான் எழுதவில்லை, என் அம்மாவுக்கும் எழுதவில்லை. உன்னிடம்தான் முதலில் கேட்கிறேன். கேமரா வேறு, இது வேறு. வேண்டாம் என்றால் ஒரு வரி போதும். கேமரா உன் கைக்கு வந்து சேரும், அதன் விலையையும் நீ சொன்னபடி வாங்கிக்கொள்வேன், உனக்கு ஒரு கூச்சமும் இருக்கக் கூடாது. ஆலுவாவுக்குப் போனாலும் அதைக் கூடக் கொண்டுபோ. அங்கேயும் ஆறு இருக்கிறது.

இந்தத் தடவை உண்மையாகவே காத்திருக்கிறேன்.

கமால்

*

மட்டாஞ்சேரி
13 மே 1979

மச்சானுக்கு,

உங்கள் கடிதத்தைப் படகுத்துறையில் நின்று படித்தேன். எர்ணாகுளம் படகு வந்து, ஆட்களை ஏற்றிக்கொண்டு போய்விட்டது. அடுத்த படகும் போய்விட்டது. டிக்கெட் கொடுப்பவர் எனக்கு உடம்புக்கு முடியவில்லை என்று நினைத்து ஸ்டூல் கொண்டுவந்து போட்டார்.

ஒன்றை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். உங்கள் கடிதம் வருவதற்கு முன்பே ஆலுவாக்காரர்கள் வேண்டாம் என்று அத்தாவிடம் சொல்லிவிட்டேன். உங்களுக்கு எழுதிய கடிதத்தைத் தபாலில் போட்டுவிட்டு வரும் வழியில்தான் தோன்றியது: வேண்டாம் என்று மஸ்கத்துக்கு எழுதத் தெரிந்தவளுக்கு வீட்டில் சொல்லத் தெரியாதா? அத்தா ரொம்ப நாள் என்னோடு பேசவில்லை. அம்மாதான் எங்களுக்கு நடுவில் தூது நடந்தார். இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், ஆலுவாவிலிருந்து தப்பிப்பதற்காக நான் உங்களிடம் வரவில்லை. அந்தக் கதவைச் சாத்திவிட்டுத்தான் உங்கள் கடிதத்தைப் பிரித்தேன்.

பிறகு பல நாள் யோசித்தேன். நேற்றுக் காலையில் அத்தா மிளகுக் கடைக்குக் கிளம்புமுன் சாயா குடித்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் போய் உட்கார்ந்து சொன்னேன்.

"கமாலா? மாமிகிட்ட சொல்லிட்டானா?" என்று கேட்டார்.

"இல்ல அத்தா. யாருகிட்டயும் சொல்லல. எங்கிட்டதான் முதல்ல கேட்டிருக்காரு."

அத்தா கிளாஸைக் கீழே வைத்தார். கிடங்குக்குப் போகும் கைவண்டி ஒன்று சத்தத்தோடு கடந்து போனது. பிறகு, "போன தடவ நான் உங்கிட்ட கேக்கல மோளே" என்றார். "நீ என்ன சொன்னே?"

"இன்னும் சொல்லல."

"அப்ப முதல்ல போய் அவனுக்கு எழுது. எனக்கு அப்புறமா சொன்னாப் போதும்."

அதனால் எழுதுகிறேன். எனக்குச் சம்மதம். வேலையை விடமாட்டேன். மஸ்கத்துக்கு வந்து குடியிருக்கவும் என்னால் ஆகாது, என் பள்ளிக்கூடம் இங்கே இருக்கிறது. இதை இப்போதே சொல்வது நல்லது. இவை உங்களுக்கு ஒத்துவரவில்லை என்றால் நான் வருத்தப்படுவேன், இந்தத் தடவை வெளியிலும் காட்டுவேன்.

ஸ்டாண்டை எங்கே ஊன்றுவது என்பதை மலையில் நான்தான் சொல்வேன்.

சுல்ஃபத்

*

மஸ்கத்
3 ஜூன் 1979

என் சுல்ஃபத்துக்கு,

இப்படி ஆரம்பிக்கலாமா என்று தெரியவில்லை. ஆரம்பித்துவிட்டேன்.

எல்லாம் ஒத்துவரும். இங்கே என் ஒப்பந்தம் இன்னும் இரண்டு வருஷத்துக்கு இருக்கிறது. அதை முடித்துவிட்டு நான்தான் அங்கே வருவேன். பம்புக்கும் குழாய்க்கும் கொச்சியில் ஆள் வேண்டாமா என்ன? அதுவரைக்கும் வருஷத்துக்கு ஒரு விடுமுறைதான். அது உனக்குக் கஷ்டம், எனக்கும் கஷ்டம். மறைக்காமல் எழுதுகிறேன்.

நோன்புப் பெருநாள் கழிந்து அக்டோபரில் வருகிறேன். கேமராவைப் பஞ்சு சுற்றி ஒரு பூட்ஸ் பெட்டிக்குள் வைத்திருக்கிறேன். ஷௌகத் அலி திரும்பி வந்துவிட்டான். நான் தினமும் அதைத் திறந்து பார்த்துவிட்டு மூடுகிறேன் என்று அறையில் எல்லாரிடமும் சொல்லிச் சிரிக்கிறான். கடைக்காரர் விஷயத்தைக் கேட்டுவிட்டு, லென்ஸ் துடைக்கிற துணி ஒன்றைக் கல்யாணப் பெண்ணுக்கு என்று இனாமாகக் கொடுத்தார்.

அம்மாவுக்கும் மாமாவுக்கும் இன்றே எழுதுகிறேன்.

கமால்

*

மட்டாஞ்சேரி
20 ஜனவரி 1980

என்னங்க,

நிக்காஹ் முடிந்து நீங்கள் மறுபடி மஸ்கத்துக்கு விமானம் ஏறியதிலிருந்து வீட்டில் எல்லாரும் என்னிடம் மெதுவாகப் பேசுகிறார்கள், காய்ச்சல்காரியிடம் பேசுவது போல. நான் நன்றாகத்தான் இருக்கிறேன். பகலில் பள்ளிக்கூடத்தில் நன்றாகவே இருக்கிறேன். சாயங்காலம்தான் கொஞ்சம்.

நாம் மூணாரில் எடுத்த ஃபிலிமை நாணு சேட்டன் இந்த வாரம்தான் கழுவிக் கொடுத்தார். ஒரு சேதி சொல்ல வேண்டும், சிரிக்கக் கூடாது. இருபத்தெட்டில் மலைகளெல்லாம் எறும்பு வரிசை மாதிரி வந்திருக்கின்றன. முதல் நாள் முழுக்கப் பனியில் நின்று, உங்களை அந்த ஸ்டாண்டோடு மேட்டில் ஏற்றி இறக்கி, வேறு பாறைக்கு மாற்றி, திரும்பப் பழைய பாறைக்கே வரவைத்து எடுத்தவை எல்லாம் எறும்புகள். அப்போதே நீங்கள் வாயைத் திறந்து நான் சொன்னேனே என்று சொல்லியிருக்கலாம். சொல்லாமல் தோளை மாற்றிக்கொண்டு நடந்தீர்கள். அடுத்த தடவை வரும்போது நூற்று முப்பத்தைந்து ஒன்று வாங்கி வாருங்கள்.

ஆனால் கடைசி நாள் காலையில், ஆற்றுக்குப் பக்கத்தில், தண்ணீர் நம் செருப்பு வரைக்கும் வந்த இடத்தில் எடுத்தோமே, அது வந்திருக்கிறது. முன்னால் நனைந்த கற்கள், நடுவில் ஆறு திரும்புகிற வளைவு, அதற்கு மேலே தேயிலைச் சரிவு, வானத்தில் மேகம் தனித்தனியாக. காற்று அவ்வளவு அடித்தும் ஒரு கல்கூட மங்கவில்லை. நாணு சேட்டன் அதைப் பெரிதாகப் போட்டுத் தந்தார். இந்தத் தடவை இது என்னவென்று கேட்கவில்லை. இன்னொரு பிரதி போட்டுக் கடையில் மாட்டிக்கொள்ளட்டுமா என்று கேட்டார்.

வகுப்பில் அதைக் கரும்பலகைமேல் மாட்டினேன். பிள்ளைகள் எழுந்து வந்து மொய்த்துக்கொண்டார்கள். ஒரு பெண் விரலால் ஆற்றைப் பிடித்துக்கொண்டே போய், படத்தின் ஓரத்தில் நின்று, "டீச்சர், இங்கேருந்து இது எங்கே போகுது?" என்று கேட்டாள். பெரியாற்றில் சேர்கிறது, பெரியாறு ஆலுவா வழியாக நம் உப்பங்கழிக் காயலுக்கு வருகிறது என்றேன். எல்லாரும் ஜன்னல் பக்கம் திரும்பினார்கள். காயல் அங்கேயிருந்து தெரியாது, நடுவில் கிடங்குகள். இருந்தாலும் திரும்பிப் பார்த்தார்கள். மணி அடித்த பிறகும் யாரும் நகரவில்லை.

அந்த ஆற்றைக் கடல்வரைக்கும் எடுத்துவிடலாம் என்று நினைக்கிறேன். பூதத்தான்கெட்டு, மலையாற்றூர், ஆலுவா, கடைசியில் வைப்பின் முனை. கமலாக்ஷி டீச்சர் கூட வருகிறேன் என்று சொல்லியிருக்கிறார். போன ஞாயிற்றுக்கிழமை சோதித்துப் பார்த்தோம். ஸ்டாண்டை ஆளுக்குக் கொஞ்ச தூரம் என்று மாறி மாறித் தூக்கினால் தாங்க முடிகிறது. அத்தா ஒன்றும் தடை சொல்லவில்லை. மழை வந்தால் மூடிக்கொள்ள என்று கடையிலிருந்து ஒரு நல்ல சாக்குப் பை கொண்டுவந்து கொடுத்தார், மிளகு வாசனையோடு.

நீங்கள் வந்த பிறகு போகலாமே என்று ரம்லத் சொல்கிறாள். மழைக்கு முன்னால் ஆறு ஒரு கோலம், பின்னால் ஒரு கோலம். அது யாருக்காகவும் நிற்காது. படம் எடுக்க நான் உங்களுக்காகக் காத்திருக்கப் போவதில்லை. மற்ற எல்லாவற்றுக்கும் காத்திருக்கிறேன்.

உங்கள் சுல்ஃபத்